மூச்சைப் பார்த்து எழுதியவர்

அவரை முதன்முதலில் பார்த்தபோது நான் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன்னால் நெஞ்சுப் படம் வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஜில்லென்ற பலகையில் மார்பை ஒட்டிக்கொண்டு, தோள்களை முன்னால் தள்ளி நின்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூச்ச நல்லா இழுங்க. இன்னும். ஆங், பிடிங்க."

பிடித்தேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது. அடுத்து "விடுங்க" என்று வரவேண்டும். வரவில்லை. இயந்திரம் கெட்டுப்போய்விட்டதோ, அந்த அம்மாள் வெளியே போய்விட்டாரோ என்று நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன். காது அடைத்தது. கடைசியில் தாங்காமல் நானே விட்டேன்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைக் கோட்டு. மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நாப்பத்தியோரு செகண்டு. கிளாரினெட்டுதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தென்காசியில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்றுதான் எல்லோருக்கும் என்னைத் தெரியும். விசேஷ நாட்களில் பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிப்பது சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

"எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"மூக்கால இழுக்காம வாய் ஓரமா இழுத்திய. ஊதுத ஆளுகதான் அப்படிச் செய்வாங்க. கீழ் உதட்டுல பல்லு பட்ட தழும்பு கெடக்கு. அப்ப கிளாரினெட்டு."

"படம் சரியா வந்துட்டா?"

"அது அப்பமே எடுத்தாச்சு. மிச்சம் எனக்காவ" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனவனை மறுபடி கூப்பிட்டார். "போன மாசம் சர்ச் தேருக்கு வந்தது உங்க செட்டுதான? மூணாவது பாட்டுல எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு எடுத்திய. பாட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம். ஒரு பஸ்சே உள்ள போயிட்டு வரலாம்."

பதில் சொல்லத் தோன்றாமல் வந்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நான்கு நாளும் அந்தப் பள்ளம்தான் மனதில் இருந்தது. இருபது வருடமாக அந்தப் பாட்டை வாசிக்கிறேன். அவர் சொன்னது உண்மை. எனக்கு அது ஒருநாளும் கேட்டதில்லை.

இதில் அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதிக் கொடுத்த தாள்களில்கூடத் தன் பெயரைப் போட விடமாட்டார். எங்களுக்கு அவர் எக்ஸ்ரே அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

அவரை எங்கள் ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வடகரையில் டூபா என்கிற பெரிய ஊதுவாத்தியத்தை வாசிக்கிற முப்பிடாதி அண்ணாச்சிக்குத் தேங்காய் மண்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டியில் லோடு வராது. அங்கேதான் கூடுவோம். ஊதுகிறவர்கள் பத்தொன்பது பேர். செங்கோட்டை, கடையநல்லூர், தென்காசி என்று பல ஊர்க்காரர்கள். எங்களுக்குத் தலைவர் டிரம்பெட் மாஸ்டர். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் ஊதினால் கல்யாண ஊர்வலம் இரண்டு தெரு தள்ளி வரும்போதே யார் செட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

அக்கா முதல் நாள் மண்டியைச் சுற்றி நடந்தார். குவித்துக் கிடந்த தேங்காய் மட்டைகளைப் பார்த்தார். பிறகு எங்களை எழுப்பி எதிர்ச் சுவர்ப் பக்கம் உட்காரச் சொன்னார். ஒரே பாட்டை மறுபடி வாசித்தோம். சத்தம் இரண்டு மடங்காக இருந்தது.

"மட்ட சத்தத்த எல்லாம் குடிச்சிருது" என்றார். அவ்வளவுதான். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்து, "ஒரு சுரம் பிடிங்க, மெதுவா" என்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு அதையே சத்தமாக. பிறகு மேல் சுரத்தில். பிறகு மண்டிப் படியில் ஏறி இறங்கச் சொல்லி, வந்த வேகத்திலேயே மறுபடி ஊதச் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. யாருக்குப் பல் கட்டியிருக்கிறது, யார் பீடி குடிக்கிறார், யாருக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கடையநல்லூர் சாகுல் பாய் பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் செட்டில் டிராம்போன் வாசிப்பவர்.

"என்னக்கா, ஊதத்தான சொன்னிய? விசாவுக்கு மெடிக்கல் எடுக்க மாதிரி இருக்கு" என்றார் பாய்.

"அது உங்கள அனுப்புததுக்கு. இது உங்கள வச்சுக்கிடுததுக்கு" என்றார் அக்கா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பத்தொன்பது பேரையும் அளக்க அவருக்கு நான்கு மாதம் ஆனது. எதற்கென்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒருநாள் எக்ஸ்ரே படம் போட்டுக் கொடுக்கிற பெரிய காக்கிக் கவர்கள் ஒரு கட்டு கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் வீணாகப் போனவை. அவற்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஐந்தைந்து கோடாகப் போட்டு, மேலே புள்ளிகளை எழுதியிருந்தார். சின்ன வயதில் அவர் வீட்டுப் பக்கத்துச் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தபோது ஒரு பாதிரியார் அந்தக் குறிப்பு முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்குமேல் எல்லாம் அவராகவே கற்றது. எங்களில் ஆறேழு பேருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியும். மற்றவர்களுக்குக் கீழேயே தமிழில் ச, ரி, க எழுதியிருந்தார்.

எழுதியிருந்தது, இருநூறு வருடத்துக்கு முன்பு ஜெர்மன் தேசத்தில் இருந்த ஒரு பெரிய இசைக்காரர் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய ஒரு மெதுவான பகுதி. பதினைந்து நிமிடம் ஓடும். அவர் பெயரை அக்கா மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் முப்பிடாதி அண்ணாச்சி வாயில் அது வேறு வேறாக வந்தது.

"சவத்த விடுங்க. ஜெர்மன் அண்ணாச்சின்னு வச்சுக்கிடுவோம்" என்றார் அவர். அப்படியே நிலைத்துவிட்டது. சில நாட்களில் அக்காவே, "ஜெர்மன் அண்ணாச்சி சும்மா எழுதமாட்டாரு பாத்துக்கிடுங்க, இந்தச் சுரத்துக்கு ஒரு காரணம் இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

என் தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். எல்லா இசைக்குறிப்பிலும் மேலே வாத்தியத்தின் பெயர் இருக்கும். முதல் கிளாரினெட், இரண்டாம் டிரம்பெட் என்று. அக்காவின் தாளில் என் பெயர் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் அந்தந்த ஆளின் பெயர். உள்ளே ஆங்காங்கே சிவப்பு மையில் சின்னதாக ஒரு கொக்கி. அதுதான் நான் மூச்சு எடுக்கவேண்டிய இடம். பக்கத்தில் இருப்பவரின் கொக்கி வேறு இடத்தில் இருந்தது. பத்தொன்பது தாளையும் அடுக்கிப் பார்த்தால் எந்த இரண்டு கொக்கியும் ஒன்றுக்கு மேல் ஒன்று வரவில்லை.

"வயலின்காரன் வில்லத் திருப்பிப் போட்டா தீந்துச்சு. அவன் மூச்சு விடுதது பாட்டுக்குத் தெரியாது" என்று விளக்கினார். "ஜெர்மன் அண்ணாச்சி அத நெனச்சு நீளமா எழுதிட்டாரு. நம்ம நெஞ்சு அவ்வளவு நீளம் கெடையாது. அதனால ஒரு ஆளு விடுததுக்கு முன்ன இன்னொரு ஆளு எடுத்திருக்கணும்."

அவர் கையை ஆட்டி நடத்துகிறவர் இல்லை. எங்களுக்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். மூச்சை இழுப்பார். அந்த நெஞ்சு ஏறுவதைப் பார்த்து நாங்கள் ஆரம்பிக்கவேண்டும். முதல் வாரம் சிரிப்பு வந்தது. மூன்றாவது வாரம், அவர் இழுத்தால் என் நெஞ்சும் தானாக ஏறியது.

ஒன்றரை வருடம் பழகி, ஒரு பங்குனி மாதத்தில் அரங்கேற்ற நாள் குறித்தோம். அந்த வாரம்தான் கொரோனாவுக்காக ஊரையெல்லாம் அடைத்தார்கள்.

அதற்கு அடுத்த வருடத்தைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனமில்லை. யூஃபோனியம் வாசித்த செல்லையா போனார். செங்கோட்டைக்காரர், சாக்ஸபோன் வாசித்தவர், அவரும் போனார். மாஸ்டர் இருபத்தாறு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். அந்த நாட்களில் அக்கா தலையிலிருந்து கால்வரை மூடிய உடையோடு, சக்கரம் வைத்த இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போய்ப் படம் எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாஸ்டரின் நெஞ்சை அவர் ஒன்பது தடவை எடுத்திருக்கிறார். மாஸ்டரே சொன்னார்: "கண்ணு மட்டுந்தான் தெரியும்டே. ஆனா 'இழுங்க'ன்னு சொன்னதும் தெரிஞ்சுட்டு, நம்ம அக்கான்னு. என்னால இழுக்க முடியல. அவ திரும்பிச் சொல்லவே இல்ல. அப்படியே நின்னா. நான் எப்ப இழுக்கேனோ அப்ப எடுத்துட்டுப் போனா."

வீடு திரும்பிய மாஸ்டரிடம், இனி டிரம்பெட்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் பதினொரு மணிக்கு என் கடைக்கு வந்து உட்காருவார். பத்துப் படி ஏறினால் ஐந்து நிமிடம் பேசமாட்டார்.

கட்டுப்பாடுகள் தளர்ந்து நாங்கள் மறுபடி மண்டியில் கூடியபோது, பழைய தாள்களை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் வாங்கி, ஒழுங்காக அடுக்கி, முப்பிடாதி அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"அடுப்புக்கு ஆகும்னா போடுங்க."

"யக்கா! ஒன்றர வருசம் எழுதுனதுல்லா?" என்று நான் பதறினேன்.

"அது இப்ப நம்மகிட்ட இல்லாத காத்துக்கு எழுதுனது."

மறுபடி நோட்டை எடுத்தார். மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிற்கவைத்தார். முன்பு முப்பது நொடி பிடித்த சாகுல் பாய் பதினான்கில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அக்கா பதினான்கு என்று எழுதிக்கொண்டார். பதினாறு பேரையும் அளந்து முடித்த பிறகு, "மாஸ்டர் எங்க?" என்றார்.

"அக்கா, அவரு ஊதக்கூடாதுல்லா."

"ஊதணும்னா சொன்னேன்? எங்கன்னு கேட்டேன்."

மாஸ்டர் வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். மாஸ்டரின் மனைவி எங்களை உள்ளேயே விடவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டு சொன்னார்: "அவரு ஊதுனது போதும் தாயி. படம் நீதான எடுத்த? உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதுனாலதான் வந்திருக்கேன் மைனி" என்றார் அக்கா. "டாக்டர் சரின்னு சொல்லாம ஒரு புள்ளிகூட எழுதமாட்டேன். நீங்களும் கூட வாங்க."

மாஸ்டர், மைனி, அக்கா மூன்று பேரும் நெஞ்சு டாக்டரிடம் போனார்கள். மாஸ்டரை ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளந்தார்களாம். அக்கா தன் நோட்டைக் காட்டி, இவ்வளவு மெதுவாக, இத்தனை நொடி, நடுவில் இத்தனை நேரம் ஓய்வு என்று கேட்டிருக்கிறார். டாக்டர், ஆறு நொடி வரை பரவாயில்லை, இருமல் வந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றிருக்கிறார். அக்கா நான்கு நொடி எழுதினார்.

புதுத் தாள்கள் வர ஐந்து மாதம் ஆனது. மாஸ்டருடைய தாளில் மொத்தம் பன்னிரண்டு சுரம் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு.

மாஸ்டர் தாளை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னது, பிச்சையா?" என்றார். "என் கையில அருவி மாதிரி விழுந்த வாத்தியம் அது. பன்னெண்டு சொட்டு எழுதிக் கொண்டாந்திருக்கா. வேற ஆளப் பாருங்க."

அக்கா சமாதானம் சொல்லவில்லை. "சரி அண்ணாச்சி, இருந்து கேட்டுட்டாவது போங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். மாஸ்டரின் பன்னிரண்டு சுரத்தையும் விட்டுவிட்டு வாசித்தோம்.

எனக்கு அதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. பாட்டு சரியாகத்தான் போனது. ஆனால் சில இடங்களில், ஒருவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டுச் சொல்லாமல் போனது போல இருந்தது. முதல் இடத்தில் மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இடத்தில் திரும்பினார். ஐந்தாவது இடத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தச் சுரத்தை வாயால் முனகிவிட்டார். சட்டென்று பாட்டு முழுவதும் நிறம் மாறியது. பதினாறு பேருக்கும் அது கேட்டது. வாசிக்கும்போதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அந்த ஒரு சுரத்த வச்சுத்தான் பாட்டு அழுவுதா, சிரிக்குதான்னே தெரியும்" என்றார் அக்கா. "அத எல்லார்ட்டயும் கொடுக்க முடியாது."

மாஸ்டர் டிரம்பெட் பெட்டியைத் திறந்தார். வாத்தியத்தில் விரலால் அமுக்குகிற குமிழ்கள் பிசின் வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. முப்பிடாதி அண்ணாச்சி எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த முப்பிடாதி அண்ணாச்சிக்கே அடுத்த வாரம் சண்டை வந்தது. அவருக்குக் கொரோனா வரவே இல்லை. ஆனாலும் அவர் தாளில் பாதிக்குமேல் காலி. டூபாவின் வேலையைப் பிரித்து, சாகுல் பாய்க்கும் இன்னொருவருக்கும் கொடுத்திருந்தார் அக்கா.

"நான் கல்லு மாதிரி இருக்கேன். எனக்கு எதுக்கு இத்தன கட்டம் காலி?"

அக்கா அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். தேங்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. இரண்டு நாளில் மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். "படி ஏறி எறங்கி ஊதச் சொன்னால்லா, அன்னைக்கு என் மூச்சு நடுவுல தட்டிச்சாம். எனக்கே தெரியல. அவ கேட்டிருக்கா. அப்பமே டாக்டரப் பாக்கச் சொன்னா, நான்தான் போகல" என்று பிறகு சொன்னார். எழுபது கிலோ தேங்காய் மூட்டையைத் தூக்குகிற மனிதர், அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் என் தாளிலும் காலிக் கட்டங்கள் இருந்தன. பன்னிரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் சில கட்டங்கள் நான் சும்மா இருக்கவேண்டும். நாற்பத்தியொரு நொடி பிடித்தவன் நான். என் நெஞ்சில் எதைக் கேட்டார்? இரவெல்லாம் மார்பில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. பத்து நாள் பொறுத்துவிட்டு, எக்ஸ்ரே அறை வாசலில் போய் நின்றேன்.

"யக்கா, எனக்கு என்ன?"

"என்ன என்ன?"

தாளை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது குறைவு.

"உங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அந்தப் பன்னெண்டு எடமும் மாஸ்டர் எடம். நல்லாப் பாருங்க."

காலிக் கட்டங்களுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பென்சிலில் ஒவ்வொரு புள்ளி இருந்தது.

"அவரால முடியலன்னா நீங்க எடுக்கணும். வெளிய யாருக்கும் தெரியக்கூடாது. அவருக்கே தெரியக்கூடாது. அதுக்கு நெறஞ்ச நெஞ்சோட ஒரு ஆளு பக்கத்துல சும்மா இருக்கணும்லா?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அவரு ஊதிட்டார்னா, நீங்க இழுத்த மூச்ச அப்படியே விட்டுரணும். செட்டுலயே கஷ்டமான பாகம் உங்களுதுதான்."

ஆடி மாதம் சீசன் நன்றாக இருந்த ஒரு சனிக்கிழமை மாலை, குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு மண்டபத்தில் வாசித்தோம். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சீசனுக்கு வருகிறவர்களுக்காக நடத்திய கச்சேரி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு, தோளில் துண்டோடு வந்தவர்கள் எண்ணெய் வாசத்தோடு உட்கார்ந்தார்கள். பேண்ட் செட் என்றதும் சினிமாப் பாட்டு வரும் என்று நினைத்திருப்பார்கள். மாஸ்டரின் மனைவி முதல் வரிசையில், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு இடது பக்கம் மாஸ்டர்.

அக்கா வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். மூச்சை இழுத்தார்.

முதல் இரண்டு நிமிடம் சலசலப்பு இருந்தது. ஒரு குழந்தை அழுதது. பிறகு மாஸ்டரின் முதல் சுரம் வந்தது. நான்கே நொடி. அந்த ஆள் வீதியில் ஊதிய சத்தம் இல்லை அது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. மண்டபம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அருவியின் இரைச்சல்தான் வெளியே கேட்டது.

ஒவ்வொரு இடத்திலும் நான் மூச்சை நிறைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஊதினார். நான் என் மூச்சைச் சத்தமில்லாமல் விட்டேன். பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவதுக்கு முன்னால் எல்லோரும், ஆளுக்கொரு சுரம் சேர்ந்து ஒரே சத்தமாக ஒலிக்கிற ஒரு நீண்ட சுரக்கட்டில் வந்து நிற்கவேண்டும். அங்கிருந்து மாஸ்டரின் சுரம் வந்தால்தான் பாட்டு வீடு சேரும். வந்து நின்றோம். மாஸ்டர் டிரம்பெட்டைத் தூக்கினார். உதட்டில் வைத்தார். வரவில்லை. அவர் தோள் ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. நெற்றியில் வேர்வை. இருமலை அடக்குகிறார் என்று தெரிந்தது.

என் நேரம் வந்துவிட்டது என்று கிளாரினெட்டைத் தூக்கினேன். அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, இமையால் மட்டும், வேண்டாம் என்றார்.

அப்புறம் அவர் எங்களுக்கு முன்னால் அப்படியே நின்றார். பாட்டை மேலே கொண்டுபோகவில்லை. நிறுத்தவும் இல்லை. மீதிப் பதினைந்து பேரும் அந்தச் சுரக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாகுல் பாய் விட்டார், அவருக்கு முன்பே பக்கத்து ஆள் எடுத்திருந்தார். முப்பிடாதி அண்ணாச்சி விட்டார், இன்னொருவர் எடுத்தார். தாளில் இல்லாத ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொருவரும் மற்றவரின் மூச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்திருந்தோம். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. அந்தச் சத்தம் குறையவில்லை, கூடவில்லை, எங்கேயும் ஒரு கீறல்கூட விழவில்லை. பதினான்கு நொடி மூச்சுக்காரர்களும் இருபது நொடி மூச்சுக்காரர்களும் சேர்ந்து, இன்னும் ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் நிற்கத் தயாராக இருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஜெர்மன் அண்ணாச்சி எழுதிய இடம் என்றுதான் தோன்றியிருக்கும். நான் ஒருவன்தான் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரியதாக எதையும் நான் கேட்டதில்லை.

மாஸ்டர் கண்ணை மூடினார். அவர் தோள் மெதுவாக அடங்கியது. மூச்சை இழுத்தார். அந்த நேரத்தில் அக்காவின் நெஞ்சும் கூடவே ஏறியது. பன்னிரண்டாவது சுரம் வந்தது.

முடிந்த பிறகு மேடைக்குப் பின்னால், மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மைனி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா வந்ததும் மாஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"கடைசியில பிந்திட்டேன் தாயி. மன்னிச்சுக்கிடணும்."

"யாரு சொன்னா?" என்றார் அக்கா. "நீங்க சரியாத்தான் வந்திய அண்ணாச்சி. நாங்கதான் கொஞ்சம் முந்திட்டோம்."

மாஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மைனி என்னவோ ஏதோ என்று குனிந்து பார்த்தார். மாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேன்காரர் வந்து மழை வலுக்கிறது, கிளம்பலாமா என்று கேட்டபோது, கையை மட்டும் தூக்கிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.